தோற்கும் அணியைக் கலைப்பதா, காப்பதா: என்எஃப்எல் அணிக்கு ஒரு கணக்கு வழி

அமெரிக்க ஃபுட்பாலின் தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் ஒவ்வொரு அணிக்கும் ஒரு சீசனுக்கு 17 ஆட்டங்கள். நாலோ ஐந்தோ மட்டும் ஜெயித்த அணியின் ரசிகர்கள் டிசம்பரிலேயே "எல்லாரையும் அனுப்பிவிட்டுப் புதுசாகக் கட்டுங்கள்" என்று கேட்கத் தொடங்குவார்கள். சில அணிகளுக்கு அது சரியான மருந்து. பெரும்பாலான அணிகளுக்கு அது இரண்டு மூன்று வருடங்களை வீணாக்கும் வேலை. எந்த அணிக்கு எது என்பதைத் தோல்விக் கணக்கு மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த அணி பிளேஆஃபில் (சீசன் முடிந்ததும் முன்னணி அணிகள் மோதும் நாக்-அவுட் சுற்றில்) ஜெயிக்கும் நிலைக்கு அடுத்து எந்த ஆண்டு வரும், அந்த ஆண்டில் இன்றைய நல்ல ஆட்டக்காரர்களில் எத்தனை பேர் இன்னும் நன்றாக ஆடிக்கொண்டிருப்பார்கள்? கீழே உள்ள வேலைகள் எல்லாம் அந்தக் கேள்விக்குப் பதில் தேடத்தான்.

முதல் வேலை: தோல்வி உண்மையானதா என்று பார்ப்பது

சீசன் முழுக்க அணி எடுத்த புள்ளிகளையும் விட்டுக்கொடுத்த புள்ளிகளையும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டையும் தனித்தனியாக 2.37 அடுக்குக்கு உயர்த்துங்கள். எடுத்ததன் விடையை, இரண்டு விடைகளின் கூட்டுத்தொகையால் வகுத்து, ஆட்டங்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் அந்த அணி எத்தனை ஆட்டம் ஜெயித்திருக்க வேண்டும் என்று தெரியும். 400 எடுத்து 420 விட்டுக்கொடுத்த அணிக்கு 17 ஆட்டங்களில் 8 வெற்றி வரும். அந்த அணி உண்மையில் 5 தான் ஜெயித்திருக்கிறது என்றால், அதைக் கலைப்பது தவறு. நெருக்கமான ஆட்டங்களில் அதிர்ஷ்டம் கைவிட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறான உதாரணம் 2022-ல் மினசோட்டா வைக்கிங்ஸ். 13 வெற்றி, 4 தோல்வி; ஆனால் எடுத்தது 424, விட்டது 427. எட்டுப் புள்ளிக்குள் முடிந்த 11 ஆட்டங்களையும் ஜெயித்திருந்தார்கள். மறு வருடம் 7-10, அதாவது 7 வெற்றி, 10 தோல்வி. வெற்றிக் கணக்கு ஏமாற்றுவதைப் போலவே தோல்விக் கணக்கும் ஏமாற்றும்.

இதோடு இன்னும் இரண்டைச் சரிபாருங்கள். கை நழுவித் தரையில் விழுந்த பந்துகளில் எத்தனையை நம் அணி எடுத்தது என்பது ஒன்று; யார் எடுக்கிறார்கள் என்பது பெரும்பாலும் பந்து எந்தப் பக்கம் துள்ளுகிறது என்பதைப் பொறுத்தது. முதல் 22 ஆட்டக்காரர்களில் (தாக்குதலுக்கு 11, தடுப்புக்கு 11) யார் யார் எத்தனை ஆட்டம் காயத்தால் உட்கார்ந்தார்கள் என்பது இன்னொன்று. ஃபார்முலா சொல்லும் வெற்றிக்கும் உண்மை வெற்றிக்கும் இரண்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ, குவார்ட்டர்பேக் (பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவர்) பாதி சீசன் ஆடவில்லை என்றாலோ, கலைப்புப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

2020-ல் டெட்ராய்ட் லயன்ஸ் 377 புள்ளி எடுத்து 519 விட்டுக்கொடுத்தது. ஃபார்முலா 16 ஆட்டங்களில் (அப்போது சீசனுக்கு அவ்வளவுதான்) 5 வெற்றி என்றது. அவர்கள் ஜெயித்ததும் 5 தான். அந்தத் தோல்வி உண்மையானது. அதற்கு முந்தைய இரண்டு சீசன்களும் 6-10, 3-12-1 (கடைசி எண் சமனில் முடிந்த ஆட்டம்). இப்படி வந்தால் அடுத்த வேலைக்குப் போகலாம்.

இரண்டாவது: மூன்றாம் ஆண்டில் யார் இருப்பார்கள்

ரோஸ்டரில் (அணிப் பட்டியலில்) 53 பேர் இருந்தாலும் கணக்குக்கு வேண்டியது மேல்மட்டத்தில் உள்ள 25 பேர்தான். ஒவ்வொருவர் பெயருக்கு எதிரேயும் இன்றைய வயதை எழுதாதீர்கள். இன்றிலிருந்து மூன்றாவது சீசன் தொடங்கும் செப்டம்பரில் என்ன வயதாகும் என்று எழுதுங்கள். பக்கத்தில் ஒப்பந்தம் முடியும் ஆண்டு. இந்தப் பட்டியலைப் போட்டவுடன் பாதி வாதம் தானாகத் தீர்ந்துவிடும்.

வயதை இடத்துக்கு இடம் வேறு வேறாகப் பார்க்க வேண்டும். ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) 27 தாண்டினால் இறக்கம் தொடங்கிவிட்டதாகவே வைத்துக்கொள்ளலாம். ரிசீவர் (வீசும் பந்தைப் பிடிப்பவர்), கார்னர்பேக் (எதிரணி ரிசீவரைத் தடுப்பவர்) இருவருக்கும் 30 ஒரு எல்லை. அஃபென்சிவ் லைன் ஆட்டக்காரர்கள் (குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் நின்று அவரைக் காப்பவர்கள்) 32, 33 வரை நன்றாக ஆடுவார்கள். குவார்ட்டர்பேக் 35-ஐத் தாண்டியும் ஆடலாம். பட்டியலில் மூன்றாம் ஆண்டிலும் எல்லைக்குள் இருக்கும் உண்மையான தரமுள்ளவர்கள் எட்டுப் பேருக்கு மேல் இருந்தால் கலைக்கத் தேவையில்லை. குறைந்த இடங்களை நிரப்பினால் போதும். நாலு பேருக்குக் கீழே என்றால் கலைப்பதைத் தீவிரமாக யோசிக்கலாம். நடுவில் விழும் அணிகளுக்குத்தான் அடுத்த இரண்டு கணக்குகளும் தீர்ப்புச் சொல்லும்.

மூன்றாவது: குவார்ட்டர்பேக்

இந்த ஒரு இடம் மற்ற 21 இடங்களுக்கும் விலை வைக்கிறது. 2024-ல் டாக் பிரெஸ்காட் டாலஸ் கௌபாய்ஸோடு ஆண்டுக்குச் சராசரி 6 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். அதே ஆண்டு டிராஃப்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி எடுக்கும் நிகழ்வு; மோசமான அணிக்கு முதல் வாய்ப்பு) முதலாவதாக எடுக்கப்பட்ட கேலப் வில்லியம்ஸின் நாலு வருட ஒப்பந்தம் மொத்தமே 4 கோடி டாலருக்குள். 2011-ல் புதியவர்களுக்குச் சம்பள அட்டவணை வந்த பிறகு ஏற்பட்ட நிலை இது. 2010-ல் முதல் ஆளாகப் போன சாம் பிராட்ஃபோர்டுக்கு உறுதி செய்யப்பட்ட தொகையே 5 கோடி டாலர். இன்று நன்றாக ஆடும் இளம் குவார்ட்டர்பேக் கிடைத்தால், நாலு வருடத்துக்கு மற்ற இடங்களில் செலவழிக்கப் பெரிய தொகை மிஞ்சுகிறது.

ஆகவே கணக்கு இப்படி: நல்ல குவார்ட்டர்பேக் இருக்கிறார், 30 வயதுக்குள் இருக்கிறார் என்றால் கலைக்காதீர்கள். அவருடைய நல்ல வருடங்களைத் தோல்வியில் கரைப்பதைவிடப் பெரிய விரயம் இந்த விளையாட்டில் இல்லை. நல்லவர் இருக்கிறார், ஆனால் 32 தாண்டிவிட்டார், சுற்றி ஆளில்லை என்றால், அவருக்கு இன்னும் சந்தை இருக்கும்போதே விற்பதுதான் முறை. லயன்ஸ் செய்தது அதைத்தான். யாருமே இல்லையென்றால் அடுத்து வரும் டிராஃப்டில் எத்தனை நல்ல குவார்ட்டர்பேக்குகள் வருகிறார்கள் என்பதைப் பொறுத்துக் காலத்தைத் தீர்மானியுங்கள்.

நாலாவது: சம்பளக் கணக்கேடு

இங்கேதான் அதிகம் பேர் தவறு செய்கிறார்கள். லீகில் எல்லா அணிக்கும் ஒரே சம்பள உச்சவரம்பு, 2024-ல் 25.54 கோடி டாலர், 2025-ல் 27.92 கோடி. ஆட்டக்காரரை அனுப்பிவிட்டால் அவர் சம்பளம் மிச்சம் என்று நினைப்பது தவறு. கையெழுத்துப் போடும்போது கொடுக்கும் போனஸ் பணமாக உடனே போய்விடும். கணக்கில் மட்டும் அதிகபட்சம் ஐந்து வருடங்களுக்குப் பிரித்து எழுதப்படும். அவரை அனுப்பும் நாளில், எழுதாமல் மிச்சமிருக்கும் பங்கு முழுவதும் ஒரே வருடத்துக் கணக்கில் வந்து விழும். அதற்குப் பெயர் டெட் மணி.

ஒரு மாதிரிக் கணக்கு: ஐந்து வருட ஒப்பந்தம், 5 கோடி போனஸ். வருடத்துக்கு 1 கோடி கணக்கில் ஏறும். மூன்றாம் ஆண்டு அடிப்படைச் சம்பளம் 2 கோடி என்றால் அந்த ஆண்டு வரம்பில் அவர் பங்கு 3 கோடி. மூன்றாம் ஆண்டு மார்ச்சில் அவரை அனுப்பினால் அடிப்படைச் சம்பளம் 2 கோடி மிச்சம். ஆனால் மிச்சப் போனஸ் 3 கோடியும் அந்த ஆண்டிலேயே விழும். அதாவது ஆளும் இல்லை, வரம்பில் ஒரு டாலர்கூட லாபமில்லை. அடிப்படைச் சம்பளத்தில் உறுதி செய்யப்பட்ட பகுதி இருந்தால் நஷ்டமே வரும்.

இதற்கு ஒரு வழி ஜூன் 1 விதி. அந்தத் தேதிக்குப் பிறகு அனுப்பினால் இந்த ஆண்டுக்கு 1 கோடியும் அடுத்த ஆண்டுக்கு 2 கோடியும் எனப் பிரியும். மார்ச்சிலேயே அனுப்பிவிட்டு ஜூன் 1 கணக்கில் வையுங்கள் என்று ஆண்டுக்கு இரண்டு பேருக்குக் கேட்கலாம். ஆனால் ஜூன் வரும்வரை அவருடைய முழுத் தொகையும் வரம்பில் உட்கார்ந்திருக்கும். மார்ச் சந்தையில் அந்தப் பணம் உதவாது. வேறு அணிக்கு மாற்றிக்கொடுப்பதற்கு இந்தச் சலுகை கிடையாது. நிஜமாகவே ஜூன் 1 தாண்டித்தான் மாற்ற வேண்டும். அப்போது ஏப்ரல் டிராஃப்ட் முடிந்திருக்கும், அந்த ஆண்டுப் பிக் (டிராஃப்டில் ஓர் ஆளை எடுக்கும் உரிமை) எதுவும் கைக்கு வராது. விற்க நினைக்கும் ஒவ்வொருவருக்கும் இந்த இரண்டு தேதிகளிலும் எவ்வளவு டெட் மணி என்று இரண்டு பத்தி போட்டு எழுதிவையுங்கள்.

டெட் மணி பெரிதாக இருப்பது மட்டும் தயங்கக் காரணம் ஆகாது. டென்வர் பிராங்கோஸ் 2024 மார்ச்சில் குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சனை அனுப்பியபோது இரண்டு வருடத்தில் 8.5 கோடி டாலர் டெட் மணியை ஏற்றுக்கொண்டது. அந்த ஆண்டே டிராஃப்டில் 12-ஆவதாக எடுத்த போ நிக்ஸை ஆடவிட்டு 10-7 என்று பிளேஆஃபுக்குப் போனது. சுற்றியிருந்த அணி நன்றாக இருந்தது. ஒரு இடத்தை மட்டும் மாற்றினார்கள். கலைக்காமல் திருத்துவது எப்படி என்பதற்கு அண்மைக் காலத்தில் இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது கடினம்.

ஒத்திப்போடுவது இதைவிட மோசம். அடிப்படைச் சம்பளத்தைப் போனஸாக மாற்றி வருங்காலத்துக்குத் தள்ளுவது, கந்து வட்டிக்கு வாங்கிப் பழைய வட்டியைக் கட்டுவது மாதிரி. நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் 2021 மார்ச்சில் குவார்ட்டர்பேக் ட்ரூ பிரீஸ் ஓய்வு பெற்ற பிறகும் இதையே தொடர்ந்து செய்தது. அடுத்த நாலு சீசன்கள் 9-8, 7-10, 9-8, 5-12. பிளேஆஃப் ஒருமுறைகூட இல்லை. டிராஃப்டில் உச்ச இடங்களும் கிடைக்கவில்லை. வயதான அணியைப் பிடித்துவைத்துக்கொண்டு நடுவில் நிற்பதுதான் இந்த லீகில் மிகவும் விலை உயர்ந்த முடிவு.

கலைப்பது என்று முடிவெடுத்த பிறகு

யாரை விற்பது என்பதற்கு முன் யாரை விற்கக் கூடாது என்று எழுதுங்கள். மூன்றாம் ஆண்டுப் பட்டியலில் எல்லைக்குள் இருப்பவர்கள், அதிலும் குறிப்பாக அஃபென்சிவ் லைன் ஆட்டக்காரர்கள். 2016 மார்ச்சில் கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் சென்டர் அலெக்ஸ் மேக்கையும் ரைட் டேக்கிள் மிட்செல் ஷ்வார்ட்ஸையும் வேறு அணிகளுக்குப் போகவிட்டது. ஷ்வார்ட்ஸுக்கு அப்போது 26 வயதுதான். கேன்சஸ் சிட்டியில் பல வருடம் லீகின் சிறந்தவர்களில் ஒருவராக ஆடினார். பிரவுன்ஸ் 2016-ல் 1-15, 2017-ல் 0-16. பிக்குகளைச் சேர்த்தவிதம் புத்திசாலித்தனமானது. டென்சல் வார்ட், நிக் சப் இருவரும் அப்படி வந்தவர்கள்தான். ஆனால் ஆட்டம் கற்கும் இளைஞர்கள் இரண்டு வருடம் தோற்றுக்கொண்டே இருந்தார்கள். திட்டத்தை வகுத்த சாஷி பிரவுன் 2017 டிசம்பரிலேயே வேலையை இழந்தார். பொறுமை வேண்டும் என்று கேட்பவருக்கு உரிமையாளர் தரும் காலம் எவ்வளவு என்பதும் கணக்கில் ஒரு வரிதான்.

விலை பேசும்போது, 1990-களின் தொடக்கத்தில் டாலஸ் அணிக்காகப் போடப்பட்ட மதிப்பு அட்டவணையை இன்றும் பலர் அளவுகோலாக வைக்கிறார்கள்: முதல் பிக் 3000 புள்ளி, இரண்டாவது 2600, பத்தாவது 1300, 32-ஆவது 590. இந்த அட்டவணை உச்ச இடங்களுக்கு அளவுக்கு மீறி விலை வைக்கிறது. பொருளாதார ஆய்வாளர்கள் கேட் மாஸியும் ரிச்சர்ட் தேலரும் காட்டியதும் அதுவே. சம்பளத்தையும் சேர்த்துப் பார்த்தால் முதல் சுற்றின் பின்பகுதியும் இரண்டாம் சுற்றும்தான் அதிக லாபம். ஆகவே கட்டும் அணி பெரும்பாலும் கீழே இறங்க வேண்டும், மேலே ஏறக் கூடாது. குவார்ட்டர்பேக்குக்கு மட்டும் விதிவிலக்கு.

அடுத்த வருடத்துப் பிக்கை ஒரு சுற்று குறைத்து மதிப்பிடுவது பேரத்தில் வழக்கம். வேலைக்கு ஆபத்து இருக்கும் எதிர்த்தரப்பு மேலாளருக்கு அடுத்த வருடம் தூரத்தில் தெரிகிறது. கட்டும் அணிக்கு அப்படி இல்லை. அந்த வித்தியாசத்தை வாங்கிக்கொள்ளுங்கள். 2019-ல் மயாமி டால்ஃபின்ஸ் லெஃப்ட் டேக்கிள் லாரமி டன்சிலைக் கென்னி ஸ்டில்ஸோடு ஹூஸ்டனுக்குக் கொடுத்து, இரண்டு முதல் சுற்று பிக்கும் ஒரு இரண்டாம் சுற்று பிக்கும் வாங்கியது. 2020-ல் ஹூஸ்டன் 4-12 என்று சரிந்தது. அதனால் மயாமிக்கு 2021-ன் மூன்றாவது பிக் கிடைத்தது. ஹூஸ்டன் தோற்றும் பலனில்லாமல் நின்றது. உங்கள் முதல் சுற்று பிக் அடுத்த இரண்டு வருடத்துக்கு வேறு அணியிடம் இருந்தால், கலைப்பதில் பாதி அர்த்தம் போய்விடும் என்பதற்கும் இதுவே சான்று.

லயன்ஸ் இதை எப்படிச் செய்தது என்று வரிசையாகப் பார்ப்பது பயனுள்ளது. 2021 ஜனவரியில் பிராட் ஹோம்ஸ் பொது மேலாளராகவும் டான் கேம்ப்பெல் பயிற்சியாளராகவும் வந்தார்கள். அந்த மாத இறுதியிலேயே, 33-ஐத் தொடவிருந்த குவார்ட்டர்பேக் மாத்யூ ஸ்டாஃபோர்டை லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். பதிலுக்கு 2022, 2023 முதல் சுற்று பிக்குகள், 2021-ன் மூன்றாம் சுற்று பிக், கூடவே கனமான ஒப்பந்தத்தோடு குவார்ட்டர்பேக் ஜாரெட் காஃப். அந்த ஒப்பந்தத்தைச் சுமக்கச் சம்மதித்ததால்தான் பிக்குகள் கூடின. லைனில் டெய்லர் டெக்கரையும் ஃபிராங்க் ராக்னோவையும் விடவில்லை. 2021-ன் முதல் பிக்காக, ஏழாவது இடத்தில், இன்னொரு லைன் ஆட்டக்காரர் பெனே சூயெலை எடுத்தார்கள். அந்த வருடம் 3-13-1.

ராம்ஸ் சூப்பர் பவுல் (லீகின் இறுதி ஆட்டம்) ஜெயித்ததால் அவர்களுடைய 2022 பிக் 32-ஆவது ஆகிவிட்டது. நல்ல அணியின் பிக்கை வாங்கினால் இது நடக்கும். ஆனால் 2023 பிக், ராம்ஸ் 5-12 என்று விழுந்ததால் ஆறாவதாக வந்தது. அதை வைத்து லயன்ஸ் கீழே இறங்கியது: 6, 81 இரண்டையும் அரிசோனாவுக்குக் கொடுத்து 12, 34, 168 வாங்கியது. 12-ல் ஜாமிர் கிப்ஸ், 34-ல் சாம் லபோர்ட்டா. 2022-ல் 9-8, 2023-ல் 12-5 என்று முன்னேறி, 32 வருடத்துக்குப் பிறகு பிளேஆஃப் ஆட்டம் ஒன்றை ஜெயித்தார்கள். சுமையாக வந்த காஃப்தான் அந்த அணியை நடத்தினார்.

நாட்காட்டி

வெளியேற்றும் வேலைக்கு வசதியான காலங்கள் இரண்டு. ஒன்பதாம் வாரத்துக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை மாற்றங்களுக்குக் கடைசி நாள். ஒப்பந்தத்தின் கடைசி வருடத்தில் இருக்கும் மூத்தவர்களை அதற்குள் விற்றுவிட வேண்டும். மார்ச் நடுவில் லீகின் புது ஆண்டு தொடங்கி ஏப்ரல் டிராஃப்ட் வரை இருக்கும் ஆறு வாரம் மற்றொன்று. பெரிய ஒப்பந்தங்கள் அப்போதுதான் நகரும்.

அந்த மார்ச்சில் உங்கள் ஆட்டக்காரர்கள் ஒப்பந்தம் முடிந்து வேறு அணிக்குப் போனால், மறு வருடம் மூன்றிலிருந்து ஏழாம் சுற்றுக்குள் ஈட்டுப் பிக் கிடைக்கலாம். வெளியிலிருந்து அதே வகை ஆட்களை வாங்கினால் அது கழிந்துபோகும். வேறு அணி ஒப்பந்தத்தின் நடுவில் அனுப்பிவிட்டவர்கள் இந்தக் கழிவில் வரமாட்டார்கள். முதல் வருடம் அவர்களையே தேடுங்கள். ஆகஸ்ட் முடிவில் எல்லா அணிகளும் 53 பேருக்குக் குறைக்கும்போது, வெளியே விடப்படும் இளையவர்களைக் கேட்கும் முன்னுரிமை மோசமான அணிக்குத்தான் முதலில். சீசனின் மூன்றாம் வாரம் வரை அந்த வரிசை, போன சீசன் முடிவை வைத்துப் போட்ட டிராஃப்ட் வரிசையே. கட்டும் அணி இதைப் பயன்படுத்தாமல் விடுவது பெரிய அலட்சியம்.

செலவழிக்காத வரம்பை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லலாம். அதனால் முதல் ஆண்டு டெட் மணி அனைத்தையும் ஒன்றாக விழவிட்டு, இரண்டாம் ஆண்டை சுத்தமாகத் தொடங்குவது நல்லது.

எங்கே கெடும்

குவார்ட்டர்பேக்கை முதலில் எடுத்து லைனைப் பிறகு பார்க்கலாம் என்பது பழைய தவறு. 2002-ல் புதிதாக வந்த ஹூஸ்டன் டெக்சன்ஸ் முதல் பிக்காக டேவிட் காரை எடுத்தது. அந்த ஒரே சீசனில் அவர் 76 முறை பந்தோடு வீழ்த்தப்பட்டார். லீக் வரலாற்றில் அதுவே அதிகம். அவரிடம் என்ன திறமை இருந்தது என்பதை அணி கடைசிவரை சரியாகத் தெரிந்துகொள்ள முடியவில்லை.

1989-ல் டாலஸ் செய்ததை மாதிரியாக வைப்பது இன்னொரு தவறு. ஹெர்ஷல் வாக்கரை மினசோட்டாவுக்குக் கொடுத்துக் குவித்த பிக்குகளும், 1-15-லிருந்து மூன்று சூப்பர் பவுல் வரை ஏறியதும் உண்மை. ஆனால் அப்போது சம்பள உச்சவரம்பு இல்லை. ஆட்டக்காரர்கள் இன்றுபோல் தடையின்றி வெளியேறவும் முடியாது. எடுத்தவர்களை வைத்துக்கொள்ள முடிந்த காலம் அது. இன்று ஒரே ஆண்டில் பத்துப் பேரை எடுத்தால் நாலாவது ஆண்டு பத்து ஒப்பந்தங்களும் ஒன்றாக முடியும். பிக்குகளை இரண்டு மூன்று வருடத்துக்குப் பரப்பி வாங்குவது இதனால்தான்.

ஆட்டக்காரர்களை வேண்டுமென்றே தோற்கச் சொல்வதும் நடக்காத காரியம். அவர்களுடைய அடுத்த ஒப்பந்தம் இந்த வார ஆட்டத்தைப் பொறுத்தது. மேலாளர் திறமையைக் குறைக்கலாம்; பயிற்சியாளரும் ஆட்டக்காரர்களும் ஜெயிக்கவே ஆடுவார்கள், ஆடவும் வேண்டும். வருடத்துக்கு ஒரு பயிற்சியாளரை மாற்றும் அணியில், போன திட்டத்துக்காக எடுத்த ஆட்டக்காரர் இந்தத் திட்டத்தில் பொருந்தமாட்டார். மேலாளருக்கும் பயிற்சியாளருக்கும் குறைந்தது மூன்று சீசன் உறுதி கிடைக்கவில்லை என்றால் கலைக்கத் தொடங்காதீர்கள்.

இரண்டாம் ஆண்டு சோதனை

இரண்டாம் சீசனின் நடுவில் வெற்றிகளை விட்டுவிட்டு முதல் கணக்குக்கே திரும்புங்கள்: எடுத்த புள்ளி, விட்ட புள்ளி. லயன்ஸ் 2022-ல் 1-6 என்று தொடங்கியது. வெளியே கேலி நடந்தது. மீதிப் பத்தில் எட்டை ஜெயித்தார்கள். வித்தியாசம் சுருங்கிக்கொண்டு வந்தால் திட்டத்தை மாற்றக் கூடாது. சுருங்கவில்லை என்றால் எந்த இடத்தில் எடுத்தவர்கள் தேறவில்லை என்று பார்த்து, அந்த இடத்துக்கு மட்டும் மார்ச்சில் பணம் செலவழியுங்கள்.

மூன்றாம் சீசன் முடிந்ததும், டிராஃப்டில் எடுத்தவர்களோடு புது ஒப்பந்தம் பேச விதி அனுமதிக்கும். முதல் சுற்றில் வந்தவர்களுக்கு ஐந்தாம் ஆண்டு உரிமையை (நாலு வருட ஒப்பந்தத்தை இன்னொரு வருடம் நீட்டுவதை) பயன்படுத்துவதா என்று மே மாதத் தொடக்கத்துக்குள் சொல்லிவிட வேண்டும். லயன்ஸ் 2024 ஏப்ரலில் சூயெலுக்கும் அமோன்-ரா செயின்ட் பிரவுனுக்கும், மே மாதத்தில் காஃபுக்கும் நீண்ட ஒப்பந்தம் கொடுத்தது. காத்திருந்தால் உச்சவரம்பு ஏறும், அதோடு சந்தை விலையும் ஏறும். ஆகவே வைத்துக்கொள்ள முடிவு செய்தவர்களில் லைன் ஆட்டக்காரரிடமும் ரிசீவரிடமும் முதலில் பேசுங்கள். உங்கள் ஆளின் அதே இடத்தில் ஆடும் ஒருவரோடு வேறொரு அணி அடுத்த வாரம் ஒப்பந்தம் போட்டால், அந்தத் தொகைதான் உங்கள் ஆள் கேட்கும் தொடக்க விலை.